ஒரே தடவை வந்தவர்கள்

லிஃப்ட் கதவு திறந்து, கழுத்தில் 'விருந்தினர்' அட்டை தொங்கச் சின்னவள் வெளியே வந்த இடத்தில் போன வாரம் பெரியவனை நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நிற்கிறான். கால் மரத்துப் போவதற்குள் அவனைக் கொஞ்சம் நகர்த்துவோம்.

அவன் ஏன் அப்படி விறைத்துப் போனான் என்று முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை. பெரியவனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை. ஊர் முழுக்கக் கிளைகள். எந்த வாடிக்கையாளர் திரும்ப வருவார், யார் வேறு கடைக்குப் போய்விட்டார், எந்தக் கிளை தேறும், எது தேறாது என்று விற்பனைத் தரவைக் கிளறிப் பார்த்துச் சொல்கிற பிரிவுக்கு அவன்தான் தலைவன். அந்த நாற்காலியை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது 'பார்வை' என்கிற ப்ரோக்ராம். அதை அவனே ராப்பகலாக உட்கார்ந்து எழுதினான் என்று கம்பெனி நம்பிக்கொண்டிருக்கிறது.

எழுதியது அவன் தங்கை, இந்தச் சின்னவள். அவள் வைத்த பெயர் 'சல்லடை'. வீட்டின் கடைசி அறையில் உட்கார்ந்து எழுதி, உலகத்துக்கே திறந்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், காசு வேண்டாம். எழுதினவர் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. பெரியவன் அந்த ஒன்றைத்தான் எடுத்தான்.

திருடவேண்டும் என்று அவன் கிளம்பவில்லை. சும்மா போட்டுப் பார்த்தான், நன்றாக ஓடியது. "யார் செஞ்சது இது?" என்று முதலாளியம்மா கேட்டபோது, "நான்தான் மேடம்" என்று வாய் முந்திக்கொண்டது. வீட்டில் சாப்பாட்டு மேஜையில், "ஊருக்கு ஓசியில உழைச்சுக் கொட்டறா நம்ம பொடிசு" என்று தங்கையைக் கிண்டலடித்தவன், அவள் பெயரை ஆபீஸில் எப்படிச் சொல்வான்? அன்றைக்கே உட்கார்ந்து 'சல்லடை' என்று வந்த இடத்திலெல்லாம் 'பார்வை' என்று மாற்றினான். அவள் பெயரை அழித்தான். வருஷ விழாவில் கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குத் தூசி தட்டுவதும் சின்னவள்தான்.

"எனக்கு ஒரு தடவை காட்டேண்ணா" என்று ஆசையாகக் கேட்டவளிடம், "கம்பெனி ரகசியம்" என்று சொல்லியிருந்தான். இப்போது அவளே வந்து நிற்கிறாள்.

"இவங்களைத்தான் சொன்னேன்" என்றார் பக்கத்தில் நின்ற முதலாளியம்மா. "மருந்துக்கடை வச்சிருக்கற என் ஃப்ரெண்டு சிபாரிசு பண்ணாங்க. 'சல்லடை'ன்னு ஏதோ எழுதியிருக்காங்களாம், எங்கெங்கயோ இருக்கறவங்க எல்லாம் இலவசமா எடுத்து வேலை பாக்கறாங்களாம். ஒரு கிளையை மூடறதுக்கு முன்னாடி வெளி ஆள் ஒருத்தர் பாத்தா நல்லது, இல்லையா?"

"வணக்கம் சார்" என்றாள் சின்னவள்.

அண்ணன் சிபாரிசில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அவன் இங்கே இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில், "இன்னைக்கு உனக்கு ஒரு ஆச்சரியம் இருக்குண்ணா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கண்ணில் குறும்பு இருந்தது. அண்ணன் எழுதியதை ஒருவழியாகப் பார்க்கப் போகிற சந்தோஷமும் இருந்தது.

"வ... வணக்கம்" என்றான் பெரியவன்.

கூட்ட அறையில் திரை இறங்கியது. கிளைக்கு ஒரு பட்டை. இருக்கிறவர்கள் பச்சை, போய்விட்டவர்கள் சிவப்பு. பழைய கிளைகளில் பச்சையும் சிவப்பும் கலந்து நின்றன. கடைசிப் பட்டை, இந்த வருஷம் திறந்த புதுக் கிளை. அது அடியிலிருந்து நுனிவரை சிவப்பு.

"வந்தவங்க அத்தனை பேரும் ஓடிப்போயிட்டாங்க" என்றார் முதலாளியம்மா. "அப்படி என்னதான் பண்றாங்க அங்க? வாசல்ல நின்னு விரட்டறாங்களா?"

பெரியவன் சிரித்து வைத்தான். அந்தக் கிளையில் கண் பரிசோதிக்கிறவள் அவன் மனைவி. நான்கு மாதமாக, "கூட்டம் தாங்கலைங்க, சாப்பிடக்கூட நேரமில்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உன் கண்ணுக்கு அப்படித் தெரியும். கணக்கு வேற சொல்லுது" என்று இவனும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். கண்ணைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவளிடம் பேசுகிற பேச்சா இது?

கிளையை மூடலாம் என்ற யோசனை மேலே போய் மூன்று வாரமாகிறது. மனைவியிடம் அவன் மூச்சு விடவில்லை.

சின்னவள் அந்தச் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த குறும்பு மெதுவாகப் போயிற்று.

"ஒரு சந்தேகம் சார். ஒரே ஒரு தடவை வந்தவங்களை உங்க ப்ரோக்ராம் எப்படி எடுத்துக்குது?"

பெரியவன் திருதிருவென்று விழித்தான். அவனுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பெயரை மாற்றினானே ஒழிய, அது செய்கிற வேலையை வரி வரியாகப் படித்ததில்லை.

"அதுக்கு... உள்ளுக்குள்ள ஒரு தனி முறை இருக்கு" என்று பூசி மெழுகினான்.

"அப்படியா" என்றாள்.

அந்த 'அப்படியா'வை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுடைய பென்சிலை எடுத்துவிட்டு இல்லை என்று சாதித்தபோதும் இதே 'அப்படியா'தான். சண்டை போட மாட்டாள். கேட்டுக்கொண்டு போய்விடுவாள். அன்றைக்கெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது.

"உள்ள திறந்து பாக்கணும் மேடம். மத்தியானத்துக்குள்ள சொல்லிடறேன்."

"அது கம்பெனி ரகசியம்..." என்று ஆரம்பித்தான் பெரியவன்.

"காட்டறதுக்குத்தானேய்யா கூப்பிட்டிருக்கோம்" என்றார் முதலாளியம்மா. "சாயங்காலம் அந்தக் கிளைக்குக் கடிதம் போகணும். சீக்கிரம் பாருங்க."

கண்ணாடித் தடுப்பு போட்ட அவன் அறையில், அவன் நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்றான். வெளியே அவன் பிரிவுப் பிள்ளைகள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். தலைவரை நிற்க வைத்து இன்னொருவர் உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

அவள் தேடவே இல்லை. நேராகப் போனாள். தன் வீட்டு இருட்டில் சுவிட்சைத் தடவாமல் போடுகிறவர்கள் மாதிரி, எந்த இடம் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு வரியில் நிறுத்தி, சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பெரியவனுக்கோ, திட்டினால் தேவலை என்று இருந்தது.

"இந்தத் தப்பு என்னோடதுண்ணா" என்றாள் கடைசியில். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "ஒருத்தர் ரெண்டு தடவை வந்தா நடுவுல எவ்வளவு நாள்னு தெரியும். அதைப்போல ரெண்டு மடங்கு நாளாகியும் வரலைன்னா, அவர் போயிட்டார்னு இது முடிவு பண்ணும். ஒரே தடவை வந்தவருக்கு இடைவெளியே கிடையாது இல்லையா? இல்லாததை நான் பூஜ்யம்னு போட்டுட்டேன். பூஜ்யத்துக்கு ரெண்டு மடங்கும் பூஜ்யம்தானே? மறுநாளே அவர் போயிட்டார்னு எழுதிடுது."

"அப்ப புதுக் கிளை..."

"கண்ணாடி வாங்கினவங்க அடுத்த மாசமே இன்னொண்ணு வாங்க வருவாங்களா? அங்க வந்த எல்லாருமே முதல் தடவை வந்தவங்க. யாரும் எங்கயும் ஓடலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவங்கவங்க வீட்டுல நிம்மதியா இருக்காங்க."

பெரியவன் குனிந்து அந்த வரியைப் படித்தான்.

"போன வருஷமே இதைச் சரி பண்ணிட்டேன்" என்றாள். "அந்த மருந்துக்கடைக்காரங்கதான் எழுதினாங்க, கணக்கு இடிக்குதுன்னு. நாலு பேர் சேர்ந்து பாத்தோம். இப்ப அது ஒரு தடவை வந்தவங்களைப் பத்தி 'இன்னும் தெரியாது'ன்னு சொல்லும். சல்லடை வச்சிருக்கற எல்லாருக்கும், புதுசு வந்திருக்கு, போட்டுக்கங்கன்னு சேதி போச்சு."

"எனக்கு வரலையே" என்றான். சொன்ன பிறகுதான் அதன் லட்சணம் புரிந்தது.

"உங்கிட்ட சல்லடை இல்லையேண்ணா. பார்வைதானே இருக்கு."

அவள் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். பெயரை மாற்றியதால் அந்தச் சேதி வருகிற வழியை அவனே அடைத்துவிட்டான். யார் யாரோ முகம் தெரியாதவர்களின் கடைகளெல்லாம் சரியாகிவிட்டன. ஒரே கூரையின் கீழே, அடுத்த அறையில் படுத்திருந்தவன் மட்டும் பழைய தப்பைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான். பெரியவன் கூனிக் குறுகிப் போனான்.

அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த கைபேசி அடித்தது. மனைவி. சின்னவள் இருக்கும்போது எடுக்காமலிருக்க முடியுமா? எடுத்தான்.

"ஏங்க, இங்க யாரோ தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்து அலமாரி எல்லாத்தையும் டேப் வச்சு அளக்கறாரு. எதுக்குன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டேங்கறாரு. பொண்ணுங்க எல்லாம் பயந்து போயிருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கழற்றிக்கொண்டு போவதற்கு அளக்கிறார்கள். அவனுக்குத் தெரியும்.

"தெரியலையே" என்றான்.

"சரி விடுங்க, விசாரிச்சுச் சொல்லுங்க. உள்ள பன்னண்டு பேர் காத்துட்டிருக்காங்க. எல்லாம் புது முகம்தான், இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் கண்ணாடிக் கடையே இல்லையாமே." வைத்துவிட்டாள்.

மனைவியின் குரல் கணீரென்ற குரல். எதிரில் இருப்பவருக்கும் கேட்கும்.

"அண்ணிக்கு நீ சொல்லவே இல்லையா?" என்றாள் சின்னவள்.

பதிலுக்கு அவன் கேட்டது வேறு. கேட்டதை நினைத்து அவன் பின்னால் பல நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறான்.

"என்னைக் காட்டிக் கொடுக்கப் போறியா பொடிசு?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நேரம் வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு. 'இது என் தங்கச்சி எழுதினது, நான் எடுத்துப் போட்டேன்'னு. எடுக்கறது தப்பே இல்லைண்ணா. எடுக்கறதுக்குத்தான் வச்சிருக்கேன். நீ கேட்டிருந்தா நானே வந்து உட்கார்ந்து போட்டுக் குடுத்திருப்பேன்."

"சொல்லிடறேன்" என்றான். சத்தியமாகச் சொல்லிவிடுகிற எண்ணத்தில்தான் சொன்னான். நாமும் நம்புவோம்.

மத்தியானம் மறுபடி கூட்ட அறை. சின்னவள் புது சல்லடையை ஓடவிட்டுத் திரையில் போட்டாள். புதுக் கிளையின் பட்டை முழுக்க, 'இன்னும் தெரியாது' என்கிற சாம்பல் நிறமாக வந்தது. பக்கத்தில் வாராவாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கோடு. மேலே ஏறிக்கொண்டே போனது.

முதலாளியம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அப்ப இவங்க ஓடிப்போகலை."

"இல்லை மேடம். திரும்ப வர்ற நேரமே இன்னும் வரலை. உங்க கிளைகள்லயே வேகமா வளர்றது இதுதான்."

"பின்ன பார்வை ஏன் அப்படிச் சொல்லுச்சு?"

"எழுதினவங்க ஒரு இடத்துல தப்பு பண்ணியிருக்காங்க" என்றாள் சின்னவள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

முதலாளியம்மா பெரியவன் பக்கம் திரும்பினார். "நீங்களா?"

இதோ வந்துவிட்டது நேரம். கதவு திறந்திருக்கிறது, வெளியே வரவேண்டியதுதான் பாக்கி. 'நான் எழுதலை மேடம்' என்ற மூன்று வார்த்தை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவன் பிரிவு முழுக்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அவன் கேடயம் வாங்கியபோது கை தட்டிய அதே கைகள்.

"ஆமாம் மேடம்" என்றான். "என் தப்புதான்."

எப்படி இருக்கிறது பாருங்கள். அவள் வேலையை எடுத்தான், பெயரை எடுத்தான், கடைசியில் அவளுடைய தப்பையும் விடவில்லை.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். திட்டு விழவில்லை. முதலாளியம்மா அவன் தோளில் தட்டினார்.

"இதுதான்யா எனக்கு வேணும். இன்னொருத்தரா இருந்தா கம்ப்யூட்டர் மேல போடுவாங்க, கடைப்பிள்ளைங்க மேல போடுவாங்க. பத்து பேர் முன்னாடி 'என் தப்பு'ன்னு சொல்ல எத்தனை பேருக்கு நேர்மை இருக்கு?"

சுற்றிலும் எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவனுக்குக் காது மடல் எரிந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஓரக்கண்ணால் தங்கையைப் பார்த்தான். அவள் பையில் கம்ப்யூட்டரை வைத்து ஜிப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

"கடிதம் போகவேண்டாம்" என்றார் முதலாளியம்மா. "அளக்கறதுக்குப் போன ஆளைத் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம் ஒரு விஷயம். பார்வையை மத்த கடைகளுக்கும் விக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. திங்கட்கிழமை அறிவிச்சுடலாம். நீங்க எங்ககூட சேர்ந்துடுங்களேன்மா. சாருக்குக் கீழ. ரெண்டு பேரும் சேர்ந்தா நல்லா வரும்."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றாள் சின்னவள். "வரேன் சார்."

சாயங்காலம் பெரியவன் வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். எவ்வளவு மெதுவாகப் போனாலும் வீடு வந்துதானே தீரும்?

கதவைத் திறந்தவுடனே மனைவியின் சிரிப்புச் சத்தம். மேஜையில் மூன்று தட்டு வைத்திருந்தாள். சின்னவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரிய மனுஷரே" என்றாள் மனைவி. "எல்லாம் கேள்விப்பட்டேன். கடையையே மூடறதா இருந்தாங்களாமே? எங்க மேனேஜருக்கு முதலாளியம்மாவே போன் பண்ணிச் சொன்னாங்களாம். 'உங்க கண் டாக்டரம்மா வீட்டுக்காரர் இல்லைன்னா உங்க கடை இன்னைக்கு இல்லை'ன்னு. பொண்ணுங்க எல்லாம் அழுதுட்டாங்க. நாளைக்கு உங்களைப் பாக்க வரணுமாம்."

பெரியவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தான்.

"தெரியலைன்னு சொன்னீங்களே போன்ல. எனக்குக் கவலையா இருக்கும்னுதானே மறைச்சீங்க? பாத்தியா பொடிசு, உங்கண்ணன் எப்படிப்பட்ட ஆளுன்னு."

"பாத்தேன் அண்ணி" என்றாள் சின்னவள்.

உட்கார்ந்தார்கள். மனைவி பரிமாறிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். பெரியவனுக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. டிவி பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். கேடயத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு மின்னியது.

தங்கையிடம் எப்போதும் பேசுகிற மாதிரியே, "பொடிசு, அந்தத் தண்ணியை இப்படித் தள்ளேன்" என்றான்.

"இந்தாங்க சார்."

மனைவி கரண்டியோடு நின்றாள். பிறகு சிரித்தாள். "என்ன இது புதுசா? கூடப் பிறந்தவனைப் போய் சார்ங்கறே?"

சின்னவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். "அண்ணன்கிட்டயே கேளுங்க அண்ணி."

மனைவி அவனைப் பார்த்தாள். நாள் முழுக்க மனிதர்களின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்துப் பழகிய பார்வை. எதையும் அவசரப்படுத்தாது, விலகவும் விடாது. விளையாட்டாகச் சொன்னாள் என்று ஒரு பொய் தயாராகத்தான் இருந்தது. இன்னொரு பொய்யும் இருந்தது. பெரியவனுக்குத் திடீரென்று அலுத்துவிட்டது, தன்மேலேயே.

"பார்வையை நான் எழுதலை" என்றான். "அது இவ எழுதின சல்லடை. பேரை அழிச்சிட்டு என்னோடதுன்னு சொல்லிக்கிட்டேன். இன்னைக்குக் கடையைக் காப்பாத்தினதும் இவதான்."

மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கத்தவில்லை. சின்னவளின் பக்கம் திரும்பி, அவள் தோளைத் தொட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று பெரியவன் மூச்சு விட்டான்.

"அப்ப கடையை மூடச் சொல்லி முதலாளியம்மாவுக்கு எழுதிக் குடுத்தது?" என்றாள் மனைவி. "அதுவும் வேற யாரோவா?"

மூன்று வாரமாக அவள் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறான். தினமும் காலையில் அவள் சாப்பாட்டுப் பையை அவன்தான் பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அந்த யோசனையை எழுதும்போது அவள் வேலை பார்க்கிற கிளை அது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லை" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. "அதை மட்டும் நான்தான் எழுதினேன்."

மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டாள். மேஜையைச் சுற்றிப் போய், சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் எதிரில், அவன் மட்டும் இந்தப் பக்கம்.

"சாப்பிடு பொடிசு" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்:

"திங்கட்கிழமை முதலாளியம்மாகிட்ட இதைச் சொல்லப்போறது நீங்களா, நானா?"